அகல ஸ்கேலில் அளந்த இஞ்சின்

பொம்மை ரயில் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கம்பெனியில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டேதான் சொல்வார்கள். "ஏனுங் மாஸ்டர், ஞாயித்துக்கெழம பொம்ம ரயிலுக்குப் போறீங்களாட்டம்?" என்று கட்டிங் சூப்பர்வைசர் கேட்பார். நானும் ஒவ்வொரு தடவையும் தவறாமல் மாட்டிக்கொள்வேன். மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறுகிற அந்த இஞ்சினுக்கு நாலு சிலிண்டருங்க, கீழே ரெண்டு, மேலே ரெண்டு என்று ஆரம்பிப்பேன். கீழ்ச் சிலிண்டரில் ஒருமுறை உழைத்துக் களைத்த நீராவியை வீணாக வெளியே விடாமல் மேல் சிலிண்டருக்கு அனுப்புகிறார்கள், அங்கே அது தண்டவாளத்துக்கு நடுவில் உள்ள பல் பட்டையைக் கடித்து ஏறுகிற சக்கரத்தைச் சுற்றுகிறது, ஒரே ஆவிக்கு இரண்டு வேலை, இதைப் போய்ப் பொம்மை என்கிறீர்களே என்பேன். பாதியில் அவருக்குப் போன் வந்துவிடும். வராவிட்டாலும் வந்ததுபோல எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்.

நான் திருப்பூர் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். புதிதாக ஒரு டிசைன் வந்தால், முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப்பட்டி என்று ஒவ்வொரு துண்டுக்கும் அளவு போட்டு அட்டையில் வெட்டிக் கொடுப்பது என் வேலை. இப்போது கம்ப்யூட்டரிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. ஆனாலும் அட்டையும் கத்தரியும் எடுத்தால்தான் எனக்குக் கை பேசும். கம்பெனி கம்ப்யூட்டரில் போடச் சொல்வதால் அங்கே கம்ப்யூட்டர், வீட்டில் அட்டை.

வீடு நல்லூரில். கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருப்பவர் நிட்டிங் மெஷின் போட்டிருக்கிறார். மாடியில் நான் மட்டும். மனைவி தவறிப்போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. மகள் கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். கீழே மெஷின் ஓடும்வரை யாரோ வீட்டில் இருப்பதுபோல இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் அதை நிறுத்துவார்கள். அந்த நேரம்தான் எனக்குப் பிடிக்காத நேரம். சமையலறையில் டம்ளரை வைத்தால் அந்தச் சத்தம் ஹால்வரை வந்து திரும்பிப் போகும்.

மனைவிக்கு ரயில் என்றால் தூக்கம். கல்யாணமான புதிதில் அவளை மலை ரயிலுக்குக் கூட்டிப்போனேன். கல்லாறில் பல் பட்டை ஆரம்பிக்கும் இடத்தில் இஞ்சின் சத்தம் மாறும், கவனமாகக் கேள் என்று சொல்லிவைத்திருந்தேன். கல்லாறு வருவதற்குள் தூங்கிவிட்டாள். குன்னூரில் எழுப்பினேன். "வந்துருச்சுங்களா?" என்று கேட்டு, "நல்லா இருந்துச்சுங்க," என்றாள். வாழ்நாள் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லி அவளைக் கிண்டல் செய்தேன். அவளும் சளைக்கவில்லை. "உங்க இஞ்சின் கதையக் கேட்டா யாருக்குத்தானுங்க தூக்கம் வராது?" என்பாள். ஆனால் நான் சொல்ல ஆரம்பித்தால் எழுந்து போக மாட்டாள். கீரை ஆய்ந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ அங்கேயே இருப்பாள். இருந்தவரை அதன் அருமை எனக்குத் தெரியவில்லை.

எனக்கு ரயிலில் போவதைவிட இஞ்சினை எப்படி வடிவமைத்தார்கள் என்பதில்தான் பைத்தியம். அதிலும் குறுகிய பாதை இஞ்சின்கள். மலையிலும் காட்டிலும் பாதை வளைந்து வளைந்துதான் போக முடியும். பாதையைக் குறுக்கினால் வளைவைச் சட்டென்று திருப்பிவிடலாம். ஆனால் அந்த வளைவில் ஓட வேண்டிய இஞ்சின் நீளமாக இருந்தால் திரும்பாது, குட்டையாக இருந்தால் இழுக்காது. இதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒருவர் இஞ்சினை இரண்டாகப் பிரித்து, நடுவில் பாய்லரைத் தொட்டில்போலத் தொங்கவிட்டார். இன்னொருவர் இரண்டு பக்கமும் முகம் வைத்து, அடியில் சக்கர வண்டிகளைத் தனித்தனியாகத் திரும்பவிட்டார். பாதை குறுகல் என்பதால் சக்கரங்களுக்கு வெளியே சட்டத்தைக் கொண்டுபோனவர்களும் உண்டு; அப்படிச் செய்தால் நெருப்புப் பெட்டிக்கு உள்ளே கொஞ்சம் இடம் கிடைக்கும். பனியன் கையில் எனக்கும் இதே தொல்லைதான். அக்குள் இறுக்கமாக இருந்தால் கையைத் தூக்கும்போது உடம்பே மேலே ஏறும். தளர்த்திவிட்டால் கையை இறக்கியதும் மடிப்பு விழும். அவர்களும் நானும் ஒரே கணக்கைத்தான் போடுகிறோம் என்று எனக்கு ஒரு நினைப்பு. இதை நான் வெளியே சொன்னதில்லை. சொன்னால் சூப்பர்வைசர் ஒரு மாதத்துக்குச் சிரிப்பார்.

மனைவி போன பிறகு பேட்டர்ன் அட்டையில் இஞ்சின் செய்ய ஆரம்பித்தேன். இணையத்தில் பழைய வரைபடங்கள் கிடைக்கின்றன. அதைப் பார்த்து அளவைக் குறைத்து, அட்டையில் வெட்டி, ஒட்டி, கறுப்பு அடித்து அலமாரியில் வைப்பேன். ஒன்று, இரண்டு என்று அலமாரி நிறைந்துவிட்டது. ஆனால் ஒன்றுகூட முடிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதற்குக் காரணம் என் தொழில். எங்கள் தொழிலில் மாஸ்டர் சரி என்றால் சரி ஆகாது. சாம்பிள் தைத்து, ஆர்டர் கொடுத்த பையருக்கு அனுப்ப வேண்டும். அவர் ஆளுக்குப் போட்டுப் பார்த்து, தோள் இறங்குகிறது, கழுத்து தூக்குகிறது என்று கமென்ட் எழுதி, கடைசியில் 'அப்ரூவ்டு' என்று ஒரு வார்த்தை அனுப்ப வேண்டும். அதுவரை அது வெறும் துணி. என் இஞ்சின்களை யாருக்கு அனுப்புவது? அந்த மாதிரி இஞ்சினில் நின்ற ஒரு மனிதன் பார்த்து இது சரி என்றோ தப்பு என்றோ சொல்ல வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை. திருப்பூரில் அப்படிப்பட்ட ஆளுக்கு எங்கே போவது?

மதியச் சாப்பாட்டை நான் பாய்லர் ரூமுக்குப் பின்னால் உள்ள சிமென்ட் மேடையில்தான் சாப்பிடுவேன். அயர்னிங் செக்‌ஷனுக்கு ஸ்டீம் கொடுக்கிற பாய்லர் அது. அவ்வப்போது ஆவி விடும். சத்தம் கேட்டுக்கொண்டே சாப்பிடலாம். மேடையின் அந்தக் கோடியில் அயர்ன் மாஸ்டர் உட்கார்ந்திருப்பார். ஒடிசாக்காரர். நாற்பதைத் தாண்டியவர். திருப்பூருக்கு வந்து ரொம்ப காலமாகிவிட்டதால் நம் ஊர்த் தமிழ்தான் பேசுவார், கொஞ்சம் கூடுதலாகவே. மரியாதை எதற்குக் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்று அவருக்குப் பேதம் தெரியாது. "பாய்லர் இன்னும் சூடாகலீங்க, கொஞ்சம் பொறுங்க, வந்துருவாருங்க," என்பார். நாங்கள் பல மாதம் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டோம்.

ஒருநாள், துணிமேல் விரித்து வெட்டுகிற மார்க்கர் பேப்பரில் வீணான ஒன்றை எடுத்து ஒரு இஞ்சின் வரைந்துகொண்டிருந்தேன். கை கழுவப் போனவர் பின்னால் நின்று பார்த்தார். குனிந்து, இஞ்சினின் பின்பகுதியில், டிரைவர் நிற்கும் கூண்டின்மேல் ஈர விரலை வைத்தார்.

"எங்கப்பா இங்கதானுங்ணா நிப்பாரு," என்றார்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அவருடைய அப்பா ஒடிசாவின் தெற்கு மூலையில், இரண்டரை அடிப் பாதையில் ஓடிய ரயிலில் பயர்மேனாக இருந்தவர். நெருப்புக்குக் கரி போடுகிறவர். அந்தப் பாதை இப்போது அகலப் பாதையாகிவிட்டது. அப்பா உயிரோடு இருக்கிறார். நான் கேள்விமேல் கேள்வியாக அடுக்கினேன். தண்ணீர்த் தொட்டி இஞ்சினிலேயே இருக்குமா, பின்னால் தனி வண்டியில் வருமா? பெரிய சக்கரம் எத்தனை?

"நெறய இருக்குமுங்ணா," என்றார்.

"நெறயன்னா? ஆறா, எட்டா?"

"சுத்தும்போது எப்படீங்ணா எண்றது?"

அவருக்கு இஞ்சினைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை. அப்பாவின் சட்டையில் கரி வாசம் போகவே போகாது, அம்மா அந்த ஒரு சட்டையை மட்டும் தனியாகத் துவைப்பாள், அவ்வளவுதான் ஞாபகம். எனக்கு எரிச்சல். ஒரு பயர்மேன் மகனாகப் பிறந்து இப்படி ஒன்றும் தெரியாமல் இருக்கலாமா என்று திட்டினேன். அவர் சிரித்தார். மறுநாள் மேடையின் நடுவில் வந்து உட்கார்ந்தார்.

அதன் பிறகு தினமும் நான் பேசுவேன், அவர் கேட்பார். தொங்கும் பாய்லர், இரட்டை முகம், பல் சக்கரம் எல்லாம் சொன்னேன். பாதி அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் போனை எடுத்துக் காதில் வைக்கவில்லை. முந்தின நாள் எங்கே நிறுத்தினேன் என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. "அந்த தொட்டில் இஞ்சின் வளைவுல திரும்புச்சுங்களா, இல்லீங்களா?" என்று கேட்டபடி டிபன் பாக்ஸைத் திறப்பார். எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவரிடம் சொல்லவில்லை. அந்த மாதங்களில் நான் காலையில் சீக்கிரமே கிளம்பிவிடுவேன்.

அவர் அப்பாவிடம் போனில் கேட்டு, வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த ஒரு பழைய போட்டோவைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். அதில் நாலைந்து பேர் இஞ்சின் பக்கத்தில் நின்றிருந்தார்கள். அதை வைத்துத் தேடி இணையத்தில் வரைபடத்தைக் கண்டுபிடித்தேன். ஆறு பெரிய சக்கரங்கள். பாய்லருக்கு இரண்டு பக்கமும் சப்பையான தண்ணீர்த் தொட்டிகள். கரிப் பெட்டிக்கு அடியில் நாலு சின்னச் சக்கரங்கள் ஒரே ஆணியில் திரும்பும்படி. வளைவில் பின்பாரத்தை அந்த நாலும் தாங்கித் திருப்பும். நல்ல வடிவமைப்பு. கச்சிதம்.

"ஊர்த் தேருக்குப் போவீங்கல்ல, அதுக்குள்ள இதச் செஞ்சு தர்றேன். கொண்டுபோய் அப்பாகிட்டக் காட்டுங்க. என்ன சொல்றாருன்னு கேட்டு வாங்க," என்றேன்.

"அப்பா சந்தோசப்படுவாருங்ணா."

"சந்தோஷம் இருக்கட்டுமுங்க. சரியா தப்பான்னு கேட்கோணும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். மனைவி போன பிறகு என் மாடிப்படி ஏறிவந்த முதல் ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன். அதற்காகவே டீக்குத் தொட்டுக்கொள்ள வர்க்கி வாங்கி வைத்தேன். துணி ரோல் சுற்றி வருகிற அட்டைக் குழாய் பாய்லர் ஆனது. ஆணித்தலைகளுக்குச் சட்டை பட்டன்களின் உலோகத் தொப்பி. சக்கரங்களுக்கு, நூல் சுற்றி வருகிற அட்டைக் கோனின் அடிப்பாகத்தை வட்டமாக வெட்டினேன். கூண்டின் கூரை வளைந்திருக்க வேண்டும். நான் வளைத்தால் அட்டை முறிந்தது. அவர் வீட்டிலிருந்த சாதாரண அயர்ன் பாக்ஸையும் ஒரு ஈரத் துணியையும் கேட்டு வாங்கினார். துணிக்கு மேல் அயர்னை வைத்து ஆவி ஏற்றி, சூட்டோடு அட்டையைத் தொடைமேல் வைத்து அழுத்தினார். கழுத்துப்பட்டி திருப்புகிற அதே கை. கூரை அழகாக வளைந்து நின்றது. அந்தக் கூரை முழுக்க அவர் வேலை. கீழே மெஷின் நின்றுபோனதை அன்று நான் கவனிக்கவில்லை.

அவர் கிளம்பும் நாள், இஞ்சினைப் பெட்டியில் வைத்து, சுற்றிலும் கட்டிங் வேஸ்ட் துணியைத் திணித்துக் கொடுத்தேன். ஸ்டேஷனுக்கு நானும் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்டியை மடிமேல் வைத்துக்கொண்டார். "தலைகீழா வெக்காதீங்க," என்று இரண்டு முறை சொன்னேன். வண்டி நகர்ந்ததும் கூடவே கொஞ்சதூரம் நடந்தேன். எதற்கு நடந்தேன் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மேசையைச் சுத்தம் செய்தபோதுதான் அது கண்ணில் பட்டது. மேசையில் அகல ஸ்கேல் கிடந்தது.

அது என் சொந்தக் கண்டுபிடிப்பு. பனியன் துணி துவைத்தால் சுருங்கும். அதனால் பேட்டர்ன் வெட்டும்போதே சுருங்கப்போகும் அளவைக் கூட்டி வெட்ட வேண்டும். அதை ஷ்ரிங்கேஜ் என்போம். ஒவ்வொரு முறையும் கூட்டிக் கணக்குப் பார்ப்பதற்குப் பதில், ஒரு மர ஸ்கேலின்மேல் காகிதம் ஒட்டி, கோடுகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்டு வைத்திருந்தேன். நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று. அதில் ஒரு அங்குலம் என்பது உண்மையில் ஒரு அங்குலத்தைவிடக் கூடுதல். கம்பெனியில் கம்ப்யூட்டர் வந்த பிறகு அவை இரண்டும் என் வீட்டு மேசைக்கு வந்துவிட்டன. இஞ்சினின் நீளத்தை எல்லாம் சாதா ஸ்கேலில் எடுத்திருக்கிறேன். அகலத்துக்கு என் கை, அதன் பாட்டுக்கு, அகல ஸ்கேலை எடுத்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டி, கூண்டு, கூரை, எல்லாம் துவைத்தால் சுருங்கும் என்று நம்பி வெட்டியிருக்கிறேன். அட்டை இஞ்சினை யார் துவைக்கப்போகிறார்கள்? சக்கரங்களை மட்டும் தண்டவாள இடைவெளிப்படி சரியாக வைத்ததால், உடம்பு மட்டும் பருத்து, கால்களுக்கு வெளியே பிதுங்கிக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷ மாஸ்டர். என்மேல் எனக்கே வந்த ஆத்திரத்தில் ஸ்கேலை இரண்டாக உடைத்தேன்.

இரும்பு வார்க்கிறவர்களும் ஆறினால் இரும்பு சுருங்கும் என்று மர அச்சைக் கொஞ்சம் பெரிதாகத்தான் செய்வார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். சமாதானம் ஆகவில்லை. போன் போட்டேன். வண்டியில் சிக்னல் இல்லை. மறுபடி மறுபடி போட்டேன். மறுநாள் ஏதோ ஒரு ஸ்டேஷனில் கிடைத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"பாத்தா ஒண்ணும் தெரியலீங்ணா. நல்லா குண்டா, அம்சமா இருக்காருங்க," என்றார், இஞ்சினைப் பற்றி. பிறகு, "நான் வேணா அப்பாகிட்ட முன்னாடியே சொல்லீர்றனுங்," என்றார்.

அதை யோசித்தேன். சாம்பிளில் தப்பு இருப்பது நமக்குத் தெரிந்துவிட்டால், பையருக்கு முன்கூட்டியே மெயில் போட்டுவிடுவது எங்கள் வழக்கம். பெயர் கெடாது. ஆனால் அப்படி மெயில் போட்டால் அவர் நாம் சொன்ன தப்பை மட்டும்தான் பார்ப்பார். மற்றதைப் பார்க்க மாட்டார். என்ன ஏது என்று சொல்லாமல் கையில் கொடுத்தால் அந்த மனிதர் இதைத் தன் இஞ்சின் என்று அடையாளம் காண்கிறாரா இல்லையா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

"சொல்லாதீங்க. கையில கொடுங்க. சும்மா இருங்க," என்றேன்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்ததாக ஒரு மெசேஜ் வந்தது. அதோடு சரி. தேர்த் திருவிழா, உறவுக்காரர்கள், அவருக்கு ஆயிரம் இருக்கும். எனக்கு இது ஒன்றுதான் இருந்தது. மேடையில் நான் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டேன். போனை டிபன் பாக்ஸ் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். பாய்லர் ஆவி விடும்போது யாரோ பேசுவதுபோலத் திரும்பிப் பார்த்தேன், பலமுறை. அவர் ஊருக்குப் போவதற்கு முன்னாலும் தனியாகச் சாப்பிட்டவன்தான் நான். அப்போது கஷ்டமாக இல்லை. இப்போது கஷ்டமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கீழே மெஷின் நின்ற கொஞ்ச நேரத்தில், வீடியோ கால் வந்தது. அவர் முகம் தெரிந்தது. பிறகு போன் ஆடி, கயிற்றுக் கட்டிலில் ஒரு முதியவர் தெரிந்தார். பொக்கை வாய், ஒல்லியான கழுத்து. மடியில் என் இஞ்சின்.

முதியவர் என்னைப் பார்க்கவில்லை. இஞ்சினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தடவினார். சின்னச் சக்கரம் நான்கையும் விரலால் திருப்பிப் பார்த்தார்; திரும்பின. என்னவோ சொன்னார்.

"நம்ம வண்டிதாங்கறாருங்ணா," என்றார் மகன். "பாத்த ஒடனே சொல்லீட்டாருங். நான் ஒண்ணுமே சொல்லலீங்க."

போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனேன். "வேற? வேற என்ன கமென்ட்?" என்றேன்.

முதியவர் ஆள்காட்டி விரலைக் கூண்டுக்குள் ஒரு பக்கமாக விட்டார். அடுத்த விரலை மறுபக்கமாக விட்டார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு விரல்களை அசைத்துக் காட்டி, சிரித்து, நீளமாக ஏதோ சொன்னார்.

"இது டிரைவராமாங்ணா. இது அப்பா. அப்பவெல்லாம் ரெண்டு பேரும் சேர்ந்து திரும்ப முடியாதாமாங். அவரு நகந்தாத்தான் இவரு கரி போட முடியுமாமாங். முட்டி எப்பவும் சுட்டுக்கிட்டே இருக்குமாமாங். இதுல எடம் சாஸ்தியா இருக்குதுங்கறாரு. இன்னும் ஒரு ஆளே நிக்கலாமாமாங்." கொஞ்சம் நிறுத்தி, "மூணாவது ஆள் யாருன்னு கேக்கறாருங்ணா," என்றார்.

ஸ்கேல் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். முதியவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.

போனை எடுத்துக்கொண்டு மகன் வெளியே வந்தார். அவர் பின்னால் ஒரு தென்னைமரமும் கொடியில் காயும் துணியும் தெரிந்தன. "அண்ணா, நான் இனி வர்லீங்க," என்றார். "அப்பாவுக்கு இப்பத் தனியா எந்திரிக்க முடியறதில்லீங்க. நான் போன்ல கேட்டா நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னே சொல்லீட்டு இருந்துருக்காருங்க. வந்து பாத்தாத்தான் தெரியுதுங். இங்கயே ஸ்டேஷன் பக்கம் அயர்ன் கடை போட்டுக்கலாம்னு இருக்கனுங். ரூம்ல இருக்கற என் சாமான பசங்களே எடுத்துக்குவாங்க."

"அதுதான் சரிங்க," என்றேன். "அப்பாவ விட்டுட்டு வரக்கூடாது." நியாயமான பேச்சு. ஆனால் எனக்குச் சரியாக இல்லை. போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் நாற்காலியைவிட்டு எழவில்லை. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, ஒரு பயர்மேன் பார்த்துச் சொல்லிவிட்டார், நம்ம வண்டிதான் என்று. இத்தனை வருஷத்தில் எனக்கு வந்த அப்ரூவல்களை எல்லாம் அடுக்கினாலும் அதற்கு ஈடாகாது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்.

மகளுக்குப் போன் போட்டேன். பேரனுக்குப் பரீட்சை, அவனை உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். "சொல்லுங்ப்பா," என்றாள். சொன்னேன். "அப்படீங்களாப்பா, ரொம்ப நல்லதுங்ப்பா. மருந்து போட்டீங்களா?" என்றாள். "போட்டேன் கண்ணு," என்றேன். அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் அம்மாவின் மகள். ஆனால் அவள் அம்மா நான் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.

திங்கட்கிழமை கட்டிங் டேபிளில் சூப்பர்வைசரிடம் சொல்லிப் பார்த்தேன். "நான் செஞ்ச இஞ்சின ஒரு பழைய பயர்மேன் பாத்துட்டு, அவரோட வண்டியேதான்னு சொல்லீட்டாருங்க."

"பயர் சர்வீஸ்காரங்களா? என்னங் மாஸ்டர், எங்க தீப்புடிச்சுது?" என்றார் அவர். நிஜமாகவே பதறிப்போய்க் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க," என்றேன்.

மதியம் மேடைக்குப் போனேன். அயர்னிங்கில் புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர் அந்தக் கோடியில் உட்கார்ந்து போனில் யாரிடமோ சத்தமாகப் பேசியபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். டிபன் பாக்ஸைத் திறக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒடிசாவுக்குப் போன் போட்டேன்.

"சொல்லுங்ணா," என்றார்.

என்ன சொல்வதற்குக் கூப்பிட்டேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கூச்சமாக இருந்தது. இருந்தாலும் நிறுத்த முடியவில்லை. "ஒரு விஷயமுங்க," என்றேன். "நம்ம இஞ்சின ஒரு பழைய பயர்மேன் பாத்தாருங்க."

அந்த வீடியோ காலில் பக்கத்தில் நின்று அத்தனையும் எனக்குச் சொன்னவரே அவர்தான்.

"அப்படீங்களாண்ணா?" என்றார் அவர். "பாத்துட்டு என்ன சொன்னாருங்?"

நான் முதலிலிருந்து சொன்னேன். கயிற்றுக் கட்டில், மடியில் இஞ்சின், சின்னச் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தது, பார்த்தவுடன் நம்ம வண்டிதான் என்றது, கூண்டுக்குள் இரண்டு விரல் விட்டுக் காட்டியது, ஒன்று விடாமல் எல்லாம் சொன்னேன். அவர் "ம், ம்" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்.